சனிக்கிழமை இரவுச் செலவு: திருப்பூர்க் குடும்பம் ஒன்றின் 14 வாரக் கணக்கு

பின்னணி

திருப்பூரில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு நுகர்வோர் உதவி மேசையில் நான் தன்னார்வலன். பழுதான மிக்ஸி, திரும்பி வராத முன்பணம், அளவு மாறி வந்த செருப்பு என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். 2024 ஜூன் நடுவில் வந்த குடும்பத்தின் தலைவர் உட்காருவதற்கு முன்பே, "யாரோ எங்கள் கணக்கில் கைவைத்துவிட்டார்கள் சார்" என்றார்.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரச் சம்பளம் 6,500 ரூபாய். மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். வாரத்துக்கு ஏறக்குறைய 2,000 வரும். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள். மகனுக்கு வயது 13, எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். சனிக்கிழமை மாலை இருவர் கூலியும் மனைவியின் வங்கிக் கணக்கில் விழும். அந்தக் கணக்கோடு இணைந்த கைப்பேசி ஒன்றுதான், அதுவும் மனைவியுடையது. அதில் யூபிஐ அமைத்து, பின் எண் போட்டுக் கொடுத்தது மகன்.

மகளின் கல்லூரிக் கட்டணம் 28,000 ரூபாய். கட்டப் போன அன்று கணக்கில் இருந்தது 6,112.

குடும்பத்தின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் முடிவு: மோசடிப் புகார் கொடுக்கவில்லை

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பணம் மோசடியில் போயிருந்தால் அதுதான் சரியான வழி. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் வங்கிக் கிளை முன்பே அவரிடம் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தது: பணம் போனதெல்லாம் மனைவியின் கைப்பேசியிலிருந்து, சரியான பின் எண்ணைப் போட்டுத்தான். அவர் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். கணக்கு அறிக்கையை முழுதாகப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று அவரை உட்காரவைத்தேன். நடக்காத மோசடியை நடந்ததாக எழுதிக் கொடுத்தால், பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும் நியாயமான வழிகளும் அடைபட்டுப் போகும்.

கவனித்தவை: சிவப்புப் பேனா

மார்ச் 3 முதல் ஜூன் 8 வரை, 14 வாரங்களுக்கான அறிக்கையை அச்செடுத்து வரச் சொன்னேன். கைப்பேசி விளையாட்டுக்குப் போன ஒவ்வொரு தொகையையும் சிவப்பில் கோடிட்டோம். 80 ரூபாயில் 61 முறை, 240-இல் 12 முறை, 800-இல் 14 முறை. மொத்தம் 18,960. இவை தவிர வாரந்தோறும் 159 ரூபாய் தானாகவே கழிந்துகொண்டிருந்தது. அது 11 வாரம், 1,749 ரூபாய். முதல் முறை பின் எண் போட்டு ஆட்டோபே அனுமதி கொடுத்தால் போதும். அதன் பிறகு 15,000 ரூபாய்க்குள் வரும் தவணைகளுக்கு மறுபடி பின் எண் கேட்கப்படுவதில்லை. முன்கூட்டியே வரும் அறிவிப்புக் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்திருந்தது. அம்மாவுக்கு அது நூறோடு நூற்றியொன்று.

ஆகமொத்தம் 20,709 ரூபாய். 87 வாங்கல்களில் 39, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கும் ஞாயிறு நள்ளிரவுக்கும் இடையே நடந்தவை. கூலி விழும் நேரமும் விளையாட்டின் வார இறுதிச் சலுகைகள் திறக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. விடுமுறை மாதமான மே எல்லாவற்றையும் விட மோசம்.

மகனைத் தனியாக அழைத்து, "எதை வாங்கினாய் என்று காட்டு கண்ணு" என்றேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்து வந்தவன், கைப்பேசியைத் திறந்ததும் ஆசிரியராகிவிட்டான். அவன் காட்டியது ஒரு சக்கரம். எட்டுப் பரிசுகள், அவற்றில் ஒன்றுதான் எல்லாருக்கும் வேண்டிய துப்பாக்கி ஸ்கின், அதாவது துப்பாக்கிக்கான அலங்காரத் தோற்றம். ஒருமுறை வந்த பரிசு மறுபடி வராது. முதல் சுழற்சிக்கு 9 டைமண்ட்; பணம் கொடுத்து வாங்கும் விளையாட்டுக் காசுதான் டைமண்ட். பிறகு 19, 39, 69, 99, 149, 199. கடைசிச் சுழற்சிக்கு 499.

ஒன்பது டைமண்ட் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. நான்கு முறை சுற்றியவனுக்கோ, விட்டுப் போனால் இதுவரை போட்டது வீண். மிச்சம் நான்கே பரிசுகள், அடுத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றும். எப்போது விழும் என்று தெரியாத பரிசு, நிச்சயமான பரிசைவிட அதிக நேரம் கைகளைக் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். இந்தச் சக்கரம் அதற்கும் ஒரு படி மேலே போய், விலையையும் நம்பிக்கையையும் சேர்த்து ஏற்றுகிறது.

எட்டுச் சுழற்சியையும் கூட்டினேன்: 1,082. டைமண்ட் பொதிகளின் விலைப்பட்டியலைக் கேட்டேன். 100 டைமண்ட் 80 ரூபாய், 310 டைமண்ட் 240 ரூபாய், 1,060 டைமண்ட் 800 ரூபாய். பெரிய பொதியை வாங்கினாலும் கடைசிச் சுழற்சிக்கு 22 டைமண்ட் குறைகிறது. இன்னொரு 80 ரூபாய் போட வேண்டும். போட்டால் 78 டைமண்ட் மிஞ்சும். அந்த 78 அடுத்த சக்கரத்தின் முதல் சில சுழற்சிகளுக்குச் சரியாக இருக்கும். அறிக்கையில் பல 800-களுக்குப் பக்கத்திலேயே ஒரு 80 ஏன் ஒட்டிக்கொண்டு நின்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பையன் அதை அதுவரை கூட்டிப் பார்த்திருக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருபத்திரண்டு குறையும்படி வேண்டுமென்றே வைத்திருப்பார்களா சார்?" என்று கேட்டான். என்னிடம் அதற்குச் சான்று இல்லை, அப்படியே சொன்னேன். ஆனால் அந்த விளையாட்டில் அதற்கு முன் யாரும் கேட்காத கேள்வியை அவன் கேட்டுவிட்டான்.

கவனித்தவை: நீலப் பேனா

சிவப்புக் கோடுகள் முடிந்த பிறகும் கணக்கு இடித்தது. குறைந்த தொகை முழுதும் விளையாட்டால் போனதில்லை. ஒரு ஷாப்பிங் செயலியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதை நீலத்தில் கோடிட ஆரம்பித்தேன். அதுவரை மகனை முறைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் ஆர்டர்கள் வங்கி அறிக்கையில் இருக்காது என்பதால், செயலியின் ஆர்டர் பட்டியலையும் திறந்தோம். 14 வாரங்களில் 46 ஆர்டர்கள், 21,380 ரூபாய். ஐந்தைத் திருப்பி அனுப்பி 2,130 திரும்பியிருந்தது. மிச்சம் 19,250. மகனின் கணக்குக்கும் அம்மாவின் கணக்குக்கும் வித்தியாசம் 1,500 ரூபாய்கூட இல்லை.

தந்தை முதலில் சொன்னது: "அது வீட்டுக்கு வாங்கினது. இது விளையாட்டு." எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது; அதனால் ஏற்பட்ட கேட்டைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பீரோவின் கீழ்த்தட்டில் பிரிக்காத உறைகள் 11 இருந்தன. நைட்டிகள், சீரியல் விளக்குச் சரம், குளியலறைத் தாங்கி, கயிறு இழுத்துக் காய்கறி நறுக்கும் கருவி இரண்டு. முதலாவதை வாங்கியதை மறந்து இரண்டாவதை வாங்கியிருக்கிறார். "ஆர்டர் போடும்போது இருக்கிற சந்தோஷம், வந்த பிறகு பிரிக்கத் தோன்றுவதில்லை அண்ணா" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தைத்து முடித்து இரவு பத்து மணிக்குமேல் அவர் செயலியைத் திறப்பார். அங்கும் ஒரு சக்கரம் உண்டு, தினம் ஒரு சுற்று இலவசம். அதில் விழும் காசுகள் சில நாட்களில் காலாவதியாகிவிடும். ஏழு நாள் தொடர்ந்து வந்தால் நிரம்பும் ஒரு கட்டவரிசை. தொடங்கும்போதே இரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்கும். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கார் கழுவும் கடையில் இதையே சோதித்தார்கள். ஒரு சாராருக்கு எட்டு முத்திரைக் கட்டங்கள் உள்ள அட்டை. இன்னொரு சாராருக்குப் பத்துக் கட்டம், இரண்டில் முன்பே முத்திரை. இருவருக்கும் வேண்டியது எட்டுக் கழுவல்தான். முதல் சாராரில் 19 விழுக்காட்டினர் அட்டையை நிரப்பினார்கள்; இரண்டாம் சாராரில் 34 விழுக்காட்டினர். கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்ற நினைப்பே கால்களை நடத்துகிறது.

499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். 40 ரூபாய் டெலிவரிக் கூலியை மிச்சப்படுத்த 149 ரூபாய்க்கு ஏதோ ஒன்றைச் சேர்த்த ஆர்டர்கள் 13. "இன்னும் 2 மட்டுமே" என்று ஒரு சேலைக்கு அருகே எண்ணிக்கைக் கடிகாரம் ஓடியது. அதை நான் என் கைப்பேசியில் மூன்று இரவுகள் பார்த்தேன். பூஜ்யத்தைத் தொட்டதும் மறுபடி ஆறு மணி நேரத்திலிருந்து ஓடத் தொடங்கியது; சேலை மூன்று இரவும் இரண்டாகவே இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குபவரை ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரம் காட்டுவது அவற்றில் ஒன்று. படங்களைச் சேமித்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகப் புகார் பதிந்தேன். கடிகாரம் சில வாரங்களில் காணாமல் போயிற்று. "இன்னும் 2 மட்டுமே" அப்படியே இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மகனை மனநோயாளி என்றோ திருடன் என்றோ பெயரிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கேடு வந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இவன் பள்ளிக்குப் போனான், மாலையில் கிரிக்கெட் ஆடினான், தேர்வில் வழக்கமான மதிப்பெண் எடுத்தான். பணம் போனதை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது.

"என் ரத்தத்தில்தான் ஏதோ கோளாறு" என்று புலம்பிய தந்தைக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கொடுக்க 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தூக்க நிலையிலிருந்து விளையாட்டை எழுப்பும்போதுகூட ஒரே பொத்தான் அழுத்தலில் பணம் போகும்படி அமைத்திருந்தார்கள், பெற்றோர் அனுமதி இல்லாமலே பிள்ளைகள் வாங்க முடிந்தது என்பவை அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டுகள். அவ்வளவு பேர் வீட்டிலும் ரத்தம் கெட்டிருக்க வாய்ப்பில்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதே வழக்கில் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்றே பின் எண்ணை மாற்றி, ஆட்டோபே அனுமதியை நீக்கினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டு விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினோம். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903-இல் சொன்ன தீர்ப்பு; இன்றும் சட்டம் அதுதான். நிறுவனத்தின் பதிலும் எதிர்பார்த்ததுதான்: கணக்கில் வயது 19 என்று இருக்கிறது, பணம் வந்தது பெரியவரின் வங்கியிலிருந்து. கைப்பேசியை மூன்று மாதம் பூட்டி வைக்கலாம் என்று தந்தை சொன்னார். நான் தடுக்கவில்லை.

தவறிய இடம்

இரண்டு வாரத்தில் 4,080 ரூபாய் திரும்பி வந்தது. நாங்கள் மகிழ்ந்த அன்றே மகனின் விளையாட்டுக் கணக்கு முடக்கப்பட்டது. எபிக் கேம்ஸ் வழக்கில் நான் விட்டுவிட்ட குற்றச்சாட்டு இதுதான்: அனுமதியில்லாமல் போன பணத்துக்காகக் கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் கணக்குகளை எபிக் கேம்ஸ் பூட்டியது என்பது. படித்திருந்தும், நடக்கக்கூடியது என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லவில்லை.

இரண்டு ஆண்டு சேர்த்தது ஒரே நாளில் போயிற்று. நண்பர்களோடு இருந்த குழு, ஏறிய தரநிலை, பெயர் எல்லாம். இரண்டு நாள் அவன் பள்ளிக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. அம்மா பயந்துபோய் அழைத்தார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசச் சொன்னேன். அங்கே பேசியவர் அவனிடம் முதலில் கேட்டது, கணக்கில் என்னவெல்லாம் இருந்தது என்பதை. யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

ஜூலையில் இன்னொன்று தெரியவந்தது. வீட்டுக்குக் காய் வாங்கக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்து, ரீசார்ஜ் கடையில் ரொக்கம் கொடுத்து, டைமண்ட் வாங்கப் பயன்படும் ரீடீம் கோடு வாங்கி, நண்பனின் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். 560 ரூபாய். பூட்டிய கைப்பேசி அலமாரியில் இருந்தது; சக்கரம் வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. இந்த நேரமெல்லாம் அம்மாவின் ஆர்டர்களைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. பையன் அதைத்தான் எடுத்துக் காட்டினான்: "அம்மா சுற்றினால் சேமிப்பு, நான் சுற்றினால் திருட்டா?"

இரண்டாம் ஏற்பாடு

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நால்வரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஆசைக்கும் பணம் கொடுப்பதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். கையிலிருந்து நோட்டு பிரியும்போது ஒரு வலி இருக்கிறது. நாணயத்தை டைமண்டாக மாற்றும்போதும், நான்கு இலக்கத்தைத் தட்டும்போதும் அந்த வலி மரத்துப்போகிறது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளம் கவரில் வந்த காலத்தில் அதை எண்ணாமல் யாரும் செலவழித்ததில்லை.

கூலி விழ யூபிஐ இல்லாத வேறு கணக்கு. யூபிஐ கணக்கில் வாரத்துக்கு 1,500 மட்டும். ஷாப்பிங் செயலியின் அறிவிப்புகளை நிறுத்தினோம். பிடித்ததைக் கூடையில் போடலாம். ஆர்டர் ஞாயிறு காலை பத்து மணிக்கு, நால்வர் முன்னிலையில். இரவு பத்தேகாலுக்கு வேண்டியிருந்தது காலையிலும் வேண்டியிருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். மகனுக்கு மாதம் 200 ரூபாய் ரொக்கம்; எதற்கும் செலவழிக்கலாம், விளையாட்டுக்கும்கூட. ஆனால் ஒரு நோட்டில் எழுத வேண்டும், டைமண்டில் எழுதாமல் ரூபாயில். அப்பாவின் பழைய கைப்பேசியில் தினம் ஒரு மணி நேரம் விளையாட அனுமதி. தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தடுத்தால் கடைக்குப் போகிறான் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம் என்றேன்.

தொடர்ந்து நடந்தவை

ஆகஸ்ட் முதல் அக்டோபர் நடு வரை அம்மாவின் ஆர்டர்கள் ஒன்பது. கூடையில் 30-க்கும் மேல் கிடந்தன. பெரும்பாலானவற்றை ஞாயிறு காலையில் அவரே நீக்கினார். நோட்டில் மகனின் முதல் மாதக் கணக்கு இப்படி இருந்தது: "80 – ஸ்பின் – ஒன்றும் வரவில்லை. 80 – ஸ்பின் – பாராசூட் (ஏற்கெனவே இருக்கிறது). 40 – பரோட்டா." செப்டம்பரில் பரோட்டா வரிகள் கூடின.

தீபாவளி போனஸ் வாரத்தில் ஏற்பாடு சரிந்தது. அக்டோபர் இறுதி, ஊர் முழுவதும் கையில் பணம், எல்லாச் செயலியிலும் திருவிழாத் தள்ளுபடி. அம்மா தன் தங்கையின் கைப்பேசியிலிருந்து இரண்டு இரவில் 6,300 ரூபாய்க்கு ஆர்டர் போட்டார். ஞாயிறன்று அவரே சொன்னார். பாதியைத் திருப்பி அனுப்பினார். மகன் அந்த வாரம் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. 200 ரூபாயும் பட்டாசுக்குப் போயிற்று.

மகளின் கட்டணத்துக்கு ஜூனில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் மீட்டார்கள், வட்டியோடு.

மறுபடி செய்தால் மாற்றுவது

பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன் கணக்கு முடங்கலாம் என்பதை மகனிடம் சொல்லி, அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்பேன். 4,080 ரூபாய்க்கு நாங்கள் கொடுத்த விலை அவனுடைய நம்பிக்கை. அதைத் திரும்பப் பெற இரண்டு மாதம் ஆயிற்று. சிவப்பும் நீலமும் ஒரே நாளில் மேசைக்கு வர வேண்டும். முதல் ஞாயிறே அம்மாவின் கணக்கையும் பேசியிருந்தால், ஜூலை நடந்திருக்காது என்று நினைக்கிறேன். போனஸ் வாரத்துக்குத் தனி ஏற்பாடு செய்யாமல் விட்டது இந்த ஊரில் இருந்துகொண்டு நான் செய்த மடத்தனம்.

இன்னொன்று. பிப்ரவரியில் கடைசியாகச் சந்தித்தபோது, அதுவரை அதிகம் பேசாத மகள் வாசல் வரை வந்தாள். தம்பி பின் எண் போடுவது அவளுக்கு ஏப்ரலிலேயே தெரியுமாம். அம்மாவின் ஆர்டர்களில் தனக்கு மூன்று குர்த்தி வந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. "அப்போதே சொல்லியிருக்கலாமே அம்மிணி" என்றேன்.

"நீங்களும் ஜூனில் என்னைக் கேட்கவில்லையே" என்றாள்.